நீலக் கோடு

பாகாவில் பஸ் நின்று இறங்கியபோது
கால் இன்னும் படகில் இருந்தது.
தரை ஏறி இறங்க
சிமெண்டுத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.
"தண்ணியா?" என்றார் டிக்கெட் கவுண்டர் இருதயசாமி.
ஆமாம். நாலு வாரத் தண்ணி.

தைவான் பக்கத்துக் கடலில்
நூற்றைந்து மீட்டர் உயரத்தில்
பஸ் அளவு இரும்புப் பெட்டிக்குள்
குனிந்தே திரும்பும் வேலை எனக்கு.
இங்கே இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்:
காத்தாடி ரிப்பேர்.
முடிவெட்டும் கடையில் உட்கார்ந்ததும்
தலைக்கு மேல் கிறீச்சிடும் மூன்று இறக்கையைக் காட்டி
"இதையும் பாரேன், உன் இனந்தானே" என்றார் குணாளன்.
பார்த்தேன். ஓர் இறக்கை வளைந்திருந்தது.
காசு வாங்கவில்லை.
அவரும் வாங்கவில்லை.

போல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து தட்டு வரை
நீலப் பேனாவால் ஒரு கோடு இழுப்போம்.
மாதங்கள் கழித்துப் போய்ப் பார்க்கையில்
கோடு கோடாகவே இருந்தால் சரி.
மயிரிழை பிசகி இரண்டாக நின்றால்
யாரும் பார்க்காத நேரத்தில்
அது கிளம்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.
சத்தம் போடாது. கோடுதான் சொல்லும்.
ஒரு மூட்டுக்கு நூற்று முப்பது போல்ட்.
தொண்ணூறைத் தாண்டும்போது
எண்ணுவது தானாகத் தமிழுக்கு மாறிவிடும்.
பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான்.
தப்பு மட்டும் வந்ததில்லை.

படகிலிருந்து ஏணிக்குப் போவதை
வீட்டில் சொன்னதில்லை.
அலை படகைத் தூக்கும்.
உச்சியில் ஒரு கணம் சும்மா நிற்கும்.
அந்தக் கணத்தில் காலை எடுக்க வேண்டும்.
ரெய்னால்டோ ஒரு கணம் பிந்தினான்.
படகின் ரப்பர் மூக்குக்கும் ஏணியின் இரும்புக்கும் நடுவே
அவன் பூட்ஸ்
காலிப் பால் டின் மாதிரி நசுங்கியது.
கால் வெளியே வந்திருந்தது, எப்படியோ.
கயிற்றில் தொங்கியபடி அவன் தன் காலையே
புதுப் பொருளைப் போலப் பார்த்தான்.

அன்று இரவு தவமலர் போனில் கேட்டாள்,
"காத்து எப்படி?"
"நல்ல காத்து" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே செம்பனை.
எட்டு மணிக்கு ஆலையின் புகை வாடை
கூரை வரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.
இங்கே காற்றுக்கு வேலை இல்லை,
மட்டையைக்கூட அசைக்காது.
மழைக்கு முன்னால் மட்டும்
குலை லோரிகள் ஓடும் சடக்கில்
புழுதியை ஒரு முழம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டுவிடும்.
நொடிக்கு நாலு மீட்டர் இருக்கும்.
அங்கே இறக்கை அப்போதுதான்
சோம்பல் முறிக்கத் தொடங்கும்.

போன தடவை கிளம்புகையில்
கூடத்துக் காத்தாடியைத் தாங்கும் நட்டில்
பழக்க தோஷம்,
ஒரு நீலக் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தேன்.
இன்று குளித்த ஈரத்தோடு நாற்காலி போட்டு ஏறினேன்.
"ஆரம்பிச்சாச்சு" என்றாள் அடுப்படியிலிருந்து.

கோடு இரண்டாக நின்றது.
ஒரு துண்டு தாங்கியில்.
இன்னொன்று நட்டோடு கால் சுற்று தள்ளி,
ஆனால் இறுகிய பக்கம்.
பக்கத்திலேயே, நட்டிலிருந்து தாங்கி வரை,
நேராக ஒரு சிவப்புக் கோடு.
நகப்பூச்சு.

"போன மாசம் ஆடிச்சு.
ஸ்பானர் உங்க பெட்டியில இருந்துச்சு.
ஏன் சொல்லலன்னு மட்டும் கேக்காதீங்க."

விரலால் தடவினேன்.
என் கோட்டைவிட மெல்லியது.
நகரவில்லை.

நாற்காலி ஒரு காலில் குட்டை; ஆடியது.
எண்ணெய்க் கையோடு வந்து பிடித்துக்கொண்டாள்.
உள்ளே தோசை தீயும் வாடை.
இருவரும் போகவில்லை.

"ரெய்னால்டோன்னு ஒருத்தன்" என்றேன்,
மேலே பார்த்தபடியே.